தோட்டாவைப் பாருங்கள், அப்புறம் துப்பாக்கியைத் திட்டுங்கள்

“பிஸ்டல் மக்கர் பண்ணும், ரிவால்வர் பண்ணாது.” புதுச்சேரியில் துப்பாக்கி தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய யாரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்து விழும். லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி சொல்வார், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி சொல்வார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவரும் சொல்வார். போட்டிக்குப் பழகும் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதனால் போட்டி நடுவே சிலிண்டர் சுழலாமல் நின்றுவிட்டால், காரணம் இரண்டில் ஒன்று என்று முடிவாகிவிடுகிறது. சுட்டவருக்குக் கை பழகவில்லை. இல்லையென்றால் துப்பாக்கி சரியில்லை. முதல் தீர்ப்பு பழகவந்த பிள்ளையின் மனதை உடைக்கிறது. இரண்டாவது தீர்ப்பு நல்ல துப்பாக்கியை அரம் பிடித்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

இரண்டு தீர்ப்பையும் நான் மறுக்கிறேன். ரிவால்வர் ஜாம் ஆகும். நன்றாகவே ஆகும். அப்படி ஆகும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது சுட்டவரையும் அல்ல, துப்பாக்கியையும் அல்ல. அறைக்குள் கிடக்கும் தோட்டாவை.

அந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை இருப்பதை நான் மறைக்கப்போவதில்லை. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல், சுட்ட தோட்டாவின் உதையை நம்பி ஓடுவது. உதை குறைந்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாது. காலிக் குப்பி வெளியே விழாமல் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். ரிவால்வரை ஓட்டுவது சுடுபவரின் விரல். ஒரு ரவுண்டு வெடிக்கவில்லையென்றால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். வீட்டுக் காவலுக்கென்று வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்தான். போட்டியில் நிற்பவருக்கு இதனால் பயன் இல்லை. 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் அவர் 60 ரவுண்டு சுட வேண்டும். முதல் பாதியில் ஐந்தைந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் 5 நிமிடம். இரண்டாம் பாதியில் இலக்கு 3 விநாடி மட்டும் முகம் காட்டும், 7 விநாடி மறைந்திருக்கும். காட்டும் 3 விநாடிக்குள் ஒரு குண்டு. வெடிக்காத ரவுண்டைத் தாண்டி அடுத்ததற்குப் போவது அங்கே தீர்வே அல்ல. போனது 10 புள்ளி.

இன்னொன்று, நம் ஊர் வரலாறே இந்த நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. புதுச்சேரியில் கைத்துப்பாக்கிப் பேச்சு எடுத்தால் கரடிக்குப்பத்தில்தான் போய் முடியும். பிரிட்டிஷாரின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. 1910இல் மாறுவேடத்தில் இங்கே வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் அடுத்த ஆண்டு வாஞ்சிநாதனுக்கு அந்தக் கரடிக்குப்பத்தில்தான் சுடப் பழக்கினார் என்பது ஊரறிந்த செய்தி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷ்மீது வாஞ்சி சுட்டது ரிவால்வரால் அல்ல; பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டலால். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1909 டிசம்பர் 21 அன்று, நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டதும் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய பிரௌனிங்கால்தான். அந்தக் கொலைகளின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. மக்கர் பண்ணும் என்று நாம் சொல்கிற அதே வகைப் பிஸ்டல், கடல் தாண்டிக் கள்ளத்தனமாக வந்து, கை மாறிக் கை மாறி ஒளிந்து கிடந்தும், வேண்டிய நேரத்தில் வெடித்திருக்கிறது. நல்ல தோட்டா கிடைத்தால் பிஸ்டலும் நிற்காது. கெட்ட தோட்டா கிடைத்தால் ரிவால்வரும் நிற்கும்.

எப்படி நிற்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுழலும் சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழாயின் பின்முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. ஒன்றிரண்டு தாளின் கனம். பின்பக்கமும் அப்படித்தான்: தோட்டாவின் அடிப்பகுதிக்கும் அதைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை அளவுக்குத்தான் இடம். முன்னும் பின்னும் இவ்வளவு நெருக்கத்தில், ஆறு தோட்டாக்களைச் சுமந்துகொண்டு சிலிண்டர் சுழல வேண்டும். ஆறில் ஒன்று அளவு பிசகினாலும் ஆறும் நிற்கும்.

தோட்டாவின் அடியில் நடுவே பதித்திருக்கும் சின்ன உலோகக் கிண்ணம்தான் பிரைமர். அது அடிமட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். தூக்கலாக இருந்தால் பின்தகட்டில் உரசும். சிலிண்டர் கனக்கும், அப்புறம் நின்றேவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு, ரேஞ்சில் பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். முதல் அடிக்கு வெடிக்காத ரவுண்டு இரண்டாம் அடிக்கு வெடிக்கும். உடனே “ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு” என்பார்கள். தூக்கலாக இருந்த பிரைமரை முதல் அடி உள்ளே தள்ளிப் பதித்தது. அந்த வேலையிலேயே அடியின் பலம் செலவாகிவிட்டது. பதிந்த பிரைமரை இரண்டாம் அடி வெடிக்க வைத்தது. ஸ்பிரிங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தோட்டாவைக் கண்ணாடி மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் ஆடும்; அடியில் விரல் நுனியை வைத்துத் தடவினால் மேடு தெரியும். போட்டிக்கு முன்தினம் ஒரு பெட்டி முழுவதையும் இப்படிப் பார்த்துவிடலாம். நம் ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

போட்டிக்காரர்கள் விரும்பி வாங்கும் மென்மையான தோட்டாவிலேயே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உதை குறையட்டும் என்று மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டா அது. சுடும் கணத்தில் பிரைமர் பின்னால் பிதுங்கித் தகட்டில் முட்டும். பிறகு குப்பியே அழுத்தத்தால் பின்னால் வந்து மோதிப் பிரைமரை மறுபடி உள்ளே அழுத்திவிடும். அழுத்தம் குறைவான தோட்டாவில் இந்த இரண்டாம் வேலை நடப்பதில்லை. பிதுங்கிய பிரைமர் பிதுங்கியபடியே நின்று அடுத்த சுழற்சியைத் தடுக்கும். சுடுவதற்கு முன் எல்லாம் சரியாக இருந்ததே என்று சுட்டவர் திகைப்பார். சுடுவதற்கு முன் சரியாகத்தான் இருந்தது.

எரியாத மருந்துத் துகளும் அந்த இனம்தான். காலிக் குப்பிகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு சிலிண்டரின் பின்முகத்தில் ஒட்டிப் படிந்திருக்கும். அதன் அடியில் ஒரே ஒரு துகள் போய் உட்கார்ந்தாலும் தகடு முழுதாகப் படியாது. சிலிண்டரை மூடவே கஷ்டமாயிருக்கும், மூடினாலும் இறுகும். சரியாக எரியாத மருந்தும், குண்டைப் பிடிக்கும் குப்பியின் வாய் தளர்வாக இருப்பதும்தான் துகளுக்குக் காரணம். குழாயை மேல்நோக்கிப் பிடித்துக் குப்பிகளைத் தட்டினால் துகள் தானாகக் கீழே கொட்டும். படுக்கவைத்துத் தட்டினால் தகட்டுக்கடியில் தங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று பையில் இருந்தால் பத்து விநாடி வேலை. இந்தப் பத்து விநாடி வேலைக்காகச் சிலிண்டரின் அச்சைக் கழற்றித் தேய்த்தவர்கள் இருக்கிறார்கள்.

குப்பியின் வாய் தளர்ந்திருந்தால் வேறொரு வினையும் வரும். ஒரு ரவுண்டு வெடிக்கும் உதையில் மற்ற ஐந்து ரவுண்டுகளும் பின்னால் இழுபடுகின்றன. குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். விளைவு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டும். அடுத்த சுழற்சியில் அந்த மூக்கு குழாயின் விளிம்பில் இடித்து எல்லாவற்றையும் நிறுத்தும். எடை குறைந்த துப்பாக்கியில் இது அதிகம். 2014இல் கான்பூரில் வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். கைப்பையில் வைத்துக்கொள்ள வசதி, ஆனால் எடை குறைந்தால் உதை கூடும் என்பது இயற்பியல்.

பூச்சில்லாத ஈயக்குண்டு சுடச்சுடச் சிலிண்டர் முகத்திலும் குழாய் வாயிலும் ஈயம் படியும். முன்னே சொன்ன தாள் கன இடைவெளி அடைபடும். 40 ரவுண்டு வரைக்கும் வெண்ணெயாகச் சுழன்ற சிலிண்டர் 41ஆவதில் முரண்டு பிடிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சூட்டில் இரும்பு விரிவதும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றில் எது வந்தாலும் புள்ளி போகும். ஒன்று மட்டும் உயிரோடு விளையாடுவது. மருந்தே இல்லாமல் அல்லது மிகக் குறைந்த மருந்தோடு வந்துவிட்ட தோட்டா ‘டப்’ என்று வெடிக்காமல் ‘புஸ்’ என்று ஊதும். குண்டு குழாயின் நடுவில் நின்றுவிடும். அல்லது பாதி சிலிண்டரிலும் பாதி குழாயிலுமாக மாட்டி இரண்டையும் பூட்டிவிடும். பூட்டிக்கொண்டால் அதிர்ஷ்டம் என்பேன். பூட்டாமல் குண்டு குழாய்க்குள் முழுசாகப் போய் நின்றிருந்தால், தெரியாமல் அடுத்த ரவுண்டைச் சுடும்போது குழாய் பிதுங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மாறினால் விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இதே கண்டிப்பு வெடிக்காத ரவுண்டுக்கும் வேண்டும். சில தோட்டாக்கள் அடிபட்டுச் சற்றுத் தாமதித்து வெடிக்கும். பிஸ்டலில் அந்தத் தோட்டா குழாய்க்கு நேராகவே இருக்கிறது. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்துவிட்டால் அது பக்கத்து இடத்துக்கு நகர்ந்திருக்கும். அங்கே வெடித்தால் குண்டு போக வழியே இல்லை. ‘மறுபடி இழு, அடுத்தது வரும்’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையே இங்கே ஆபத்து. குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் “ரிவால்வர் நம்பகமானது” என்று மட்டும் சொல்லிக்கொடுப்பவரைப் பயிற்சியாளர் என்று நான் ஏற்கமாட்டேன்.

“முப்பத்திரண்டு ரவுண்டு” என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு லைசென்ஸ் கிடைக்கும் கைத்துப்பாக்கிகளில் மிகவும் பரவலானது .32. அந்த எண்ணுக்குள் இரண்டு வேறு தோட்டாக்கள் இருக்கின்றன. ரிவால்வருக்கானது 1896இல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த .32 லாங்; குப்பி 23 மில்லிமீட்டர் நீளம், அடிவிளிம்பு 1.4 மில்லிமீட்டர் கனம். பிஸ்டலுக்கானது பிரௌனிங் வடிவமைத்த .32 ஏசிபி, 17 மில்லிமீட்டர் நீளம், விளிம்பு 1.1 மில்லிமீட்டர். நம் அரசு ஆலைகள் .32 ரிவால்வரும் செய்கின்றன, .32 பிஸ்டலும் செய்கின்றன. குட்டைத் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய்விடும் என்பதால் போட்டுச் சுடுபவர்கள் உண்டு. மெல்லிய விளிம்பு ஆட்டம் கொடுக்கும், சுத்தியின் அடி பாதிதான் விழும், வெடிப்பது பாதி வெடிக்காதது பாதி. அழுத்தமோ ரிவால்வர் தோட்டாவைவிட அதிகம். இதற்கும் துப்பாக்கிதான் திட்டு வாங்குகிறது.

அளவு மாறிய தோட்டா என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டார் அனைவரும் அறிந்த சம்பவமே இருக்கிறது. 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உதம் சிங் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரால் ஆறு குண்டு சுட்டார். பஞ்சாபின் முன்னாள் கவர்னர் ஓ’டுவையர் இறந்தார். மேடையருகே இருந்த ஸெட்லண்ட், லாமிங்டன், லூயிஸ் டேன் மூவரும் சில அடி தூரத்தில் சுடப்பட்டும் காயத்தோடு பிழைத்தார்கள். அவர் பயன்படுத்திய தோட்டாக்கள் அந்த ரிவால்வரின் குழாய்க்குச் சிறியவை, பழையவையும்கூட. சிறிய குண்டு குழாயை அடைத்துக்கொண்டு போகாது. வாயு பக்கவாட்டில் கசியும், வேகம் போய்விடும். துப்பாக்கியில் குறையில்லை, கையிலும் குறையில்லை.

இனி ஸ்பிரிங் விஷயம். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். சென்டர்ஃபயர் போட்டியில் விசையின் எடை 1000 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. 1000 கிராமுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதற்காகச் சுத்தியை இயக்கும் ஸ்பிரிங்கைத் தேய்ப்பார்கள், ஒரு சுற்று வெட்டுவார்கள். சுத்தியின் அடி மெலியும். மெல்லிய அடிக்கு வெடிக்க மென்மையான பிரைமர் வேண்டும். வெளிநாட்டுப் போட்டித் தோட்டாக்களில் சில அப்படி வருகின்றன. பொது உபயோகத்துக்குச் செய்த தோட்டாவின் பிரைமர் கடினமாக இருப்பதே பாதுகாப்பு, அது தவறி விழுந்தாலும் வெடிக்கக்கூடாது. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் ஸ்பிரிங்கில் கை வைத்துவிட்டு, ரவுண்டு வெடிக்கவில்லை என்றதும் சுத்தியின் முனையை நீட்டுவார்கள். நீண்ட முனை மென்மையான பிரைமரைத் துளைக்கும். பிரைமர் உலோகம் முனைத் துளைக்குள் வழிந்து சிலிண்டரைப் பூட்டும். ஒரு தப்பைச் சரிசெய்ய இன்னொரு தப்பு. அரத்தில் போன இரும்பு திரும்பி வராது. தோட்டாவை மாற்றிப் பார்க்க ஒரு பெட்டி போதும்.

“நல்ல விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை” என்பவர்களுக்கும் ஒரு பதில். பிரான்சின் மூலூஸ் நகரில் மனூரான் கம்பெனி 1973இல் எம்.ஆர். 73 ரிவால்வரைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு ஜெந்தார்ம் அதிரடிப் படை அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அதே குடும்பத்தில் .32 லாங் தோட்டாவுக்கென்று போட்டி ரிவால்வரும் வந்தது. ரஷ்யாவின் தூலா ஆலை டோஸ்-36, டோஸ்-49 என்று போட்டிக்கென்றே ரிவால்வர்கள் செய்தது; பழைய நாகான் தோட்டாவை அடிப்படையாக வைத்துத்தான் அவற்றை வடிவமைத்தார்கள். நாகானில் சிலிண்டரே முன்னால் நகர்ந்து குப்பியின் வாய் குழாய்க்குள் புகும்; அந்தத் தோட்டா இல்லாமல் அந்தத் துப்பாக்கிக்குப் பொருளே இல்லை. உயர்ந்த ரிவால்வர் என்பது தளர்வு குறைந்த ரிவால்வர். தளர்வு குறையக் குறையத் துல்லியம் ஏறும், கூடவே தோட்டாவின் பிழையைப் பொறுத்துப்போகும் குணம் இறங்கும். பழைய வெப்லி வழியில் வந்த நம் கான்பூர் ரிவால்வர் விழுங்கிவிடும் தூக்கலான பிரைமரை நுட்பமான போட்டித் துப்பாக்கி விழுங்காது. பணம் கொடுத்து நாம் வாங்குவது இந்தக் கண்டிப்பையும்தான்.

புதுச்சேரிக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கடற்காற்று. வைத்திக்குப்பத்திலோ குருசுக்குப்பத்திலோ வீடு இருந்தால் ஜன்னல் கம்பி எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கும் என்று தெரியும். தோட்டாவின் பித்தளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. தோல் பட்டையில் செருகி வைத்த தோட்டா பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த குப்பி அறைக்குள் போக முரண்டும், வெளியே வர அதைவிட முரண்டும். இதற்கு மருந்தென்று துப்பாக்கிக்கு எண்ணெயைக் கொட்டுவார்கள். அறைக்குள் தேங்கிய எண்ணெய் பிரைமரின் ஓரமாக ஊறி உள்ளிருக்கும் மருந்தைக் கெடுக்கும். அறையை உலரத் துடைத்துத்தான் தோட்டா போட வேண்டும். தோட்டாவை அதன் அட்டைப் பெட்டியோடு, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டலாம்.

“இதெல்லாம் தோற்றவன் சொல்லும் சாக்கு” என்பது கடைசி வாதம். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாகரின் ஏர்பிஸ்டல் பாதியில் பழுதானபோது இந்தச் சொல்லை நாடே சொன்னது. அது தோட்டாப் பழுது அல்ல, கருவிப் பழுது. சரிசெய்து வருவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளி எடுத்து, இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அவருக்கு விழுந்த வசவு கொஞ்சமல்ல. மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியபோது அந்த வசவை யாரும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. பழுதைப் பழுது என்று சொல்ல விடாத ஊரில் பழுது எப்படித் தீரும்?

விதிப்புத்தகம் நம்மைவிட நியாயமாக நடந்துகொள்கிறது. துப்பாக்கி நின்றால் சுடுபவர் அதை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்த வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். பிரைமரில் சுத்தியின் தடம் தெரிந்து ரவுண்டு வெடிக்கவில்லையென்றால் அது ஏற்கத்தக்க பழுது. குண்டு குழாயில் சிக்கியிருந்தாலும் அப்படியே. ஆனால் அதிகாரி வருமுன் சுடுபவர் சிலிண்டரைத் திறந்துவிட்டால் போச்சு, ஏற்கமாட்டார்கள். சுடுபவர் நியாயமாக முன்கூட்டியே சரிசெய்திருக்கக்கூடிய காரணம் என்றாலும் ஏற்கமாட்டார்கள். ஆகத் தோட்டாப் பழுது சாக்கு அல்ல என்று விதி ஒப்புக்கொள்கிறது. தோட்டாவைப் பார்த்து வைப்பது உன் வேலை என்றும் அதே மூச்சில் சொல்கிறது. நான் சொல்வதும் அதுவே.

“கிடைக்கிற தோட்டாவைத்தானே சுட முடியும், நமக்குத் தேர்வா இருக்கிறது?” என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இங்கே தோட்டா நிரப்பவும் லைசென்ஸ் வேண்டும், வாங்கவும் அளவு உண்டு. வெளிநாட்டுப் போட்டித் தோட்டா சங்கங்களின் வழியாகவும், பெயர்பெற்ற போட்டியாளர்களுக்கும்தான் வந்து சேர்கிறது. ஆனால் இதிலிருந்து “உள்நாட்டுத் தோட்டா மோசம், வெளிநாட்டுத் தோட்டா சுத்தம்” என்று முடிவுகட்டுவதையும் நான் ஒப்பமாட்டேன். ஒரே ஆலையின் ஒரு லாட் அருமையாக ஓடும், அடுத்த லாட் படுத்தும். வெளிநாட்டு ஆலைகளும் அவ்வப்போது ஒரு லாட்டையே திரும்பப் பெறுகின்றன. கெட்டதென்று சொல்ல வேண்டியது லாட்டை. நாட்டையோ கம்பெனியையோ அல்ல. தேர்வு குறைவாக இருப்பவர்தான் கையில் வந்ததை அதிகம் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. சிலிண்டரின் ஆறு அறைக்கும் வெளியே மார்க்கரால் எண் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அறையில் நின்றது, எந்தப் பெட்டித் தோட்டா என்று ஒவ்வொரு முறையும் குறித்து வாருங்கள். பெட்டியை மாற்றியும் அதே எண் அறையிலேயே நிற்கிறதென்றால் குற்றம் துப்பாக்கியில். எந்த அறையிலும் நிற்கிறது, பெட்டியை மாற்றினால் நிற்பதில்லையென்றால் குற்றம் தோட்டாவில். அதே பெட்டித் தோட்டாவை இன்னொருவரின் ரிவால்வரிலும் சுட்டுப் பார்த்தால் சந்தேகம் அறவே தீரும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், எந்த நிபுணரும் வேண்டாம். ரேஞ்சில், அதிகாரி முன்னால், குழாய் இலக்கைப் பார்த்திருக்கச் செய்ய வேண்டும், அது மட்டுமே நிபந்தனை.

2021 அக்டோபர் 1 முதல் அரசின் படைக்கல வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்துவிட்டது. தோட்டா செய்யும் ஆலைகள் புனேயைத் தலைமையாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவின்கீழ், துப்பாக்கி செய்யும் ஆலைகள் கான்பூரைத் தலைமையாகக் கொண்ட இன்னொரு கம்பெனியின்கீழ். முன்பு ஒரே வீட்டுக்குப் போன புகார் இன்று எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டாப் பழுதைத் துப்பாக்கிப் பழுது என்று எழுதி அனுப்பினால் இரண்டு இடத்திலும் பதில் வராது.

ஆகையால் புதுச்சேரியிலும், திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டுப் பக்கத்து ஒத்திவாக்கம் சுடுதளம் வரை போய்ப் போட்டியிடும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிலிண்டர் நின்றால் அன்றைக்குத் துப்பாக்கியைக் கழற்றாதீர்கள். நின்ற தோட்டாவையும் கூட இருந்த ஐந்தையும் தனியே எடுத்து ஒரு உறையில் போட்டு, பெட்டியின் லாட் எண், தேதி, அறையின் எண் மூன்றையும் உறைமேல் எழுதுங்கள். கிளப்பில் இதற்கென ஒரு நோட்டு வையுங்கள். ஒரே லாட் எண் அந்த நோட்டில் மூன்று முறை வந்தால், அந்த லாட்டைப் போட்டிக்குக் கொடுக்காதீர்கள். செய்த ஆலைக்குக் கடிதம் எழுதுங்கள். ஸ்பிரிங்கை அதுவரை யாரும் தொடவேண்டாம்.